மலைப்பாம்புக்குச் சேர வேண்டிய குழாய்

என் கையெழுத்து கோணலாகத்தான் இருக்கும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு சமையலறை டப்பாக்களில் பெயர் எழுதி ஒட்டியதைத் தவிர எழுதிப் பழக்கமில்லை. ஒன்றைச் சொல்ல வந்தால் இன்னொன்று மறந்துபோகிறது. முன்னுக்குப் பின்னாக இருந்தால் காலனிக்காரர்களே, நீங்களே அடுக்கிப் படித்துக்கொள்ளுங்கள். நம் கூட்டத்தில் எழுந்து பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

போன தடவை வந்த நம் சங்க மலரில் மூன்று பித்தளைக் குழல்களின் படம் போட்டிருந்தீர்கள். பழைய ரயில்வே இன்ஸ்டிட்யூட் பரணைக் காலி செய்தபோது கிடைத்தவை, பாகங்கள் குறைகின்றன, என்ன வாத்தியம், யார் வாசித்தது என்று தெரிந்தவர்கள் எழுதினால் பெயர்ப்பலகை வைக்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நிமிர்ந்து நிற்பது, ரயில் பெட்டிக்குப் பெயின்ட் அடித்த பெயின்ட் ஷாப் மாமா வாசித்தது. அதன் அடியில் ஒரு மூடி இல்லை என்று போட்டிருக்கிறீர்கள். அந்த மூடி அவருடைய வெற்றிலைப் பையில் சுண்ணாம்பு டப்பியாக இருந்தது. திருகு போட்ட மூடி, சுண்ணாம்பு காயாது என்பார். நசுங்கிச் சப்பையாகக் கிடப்பதைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. வட்டமாக, வண்டிச் சக்கரம் மாதிரி இருக்கிறதே, அது என் அப்பா வாசித்தது.

எப்படி அடையாளம் கண்டேன் என்றால், என் மருமகளால். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண். மாதாப்பூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. எங்கள் மல்காஜ்கிரி வீட்டில் பிள்ளைகளைத் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் வரும். அதனால் தமிழ் அச்சு எது வந்தாலும் அவள்தான் முதலில் பிரித்துப் படிப்பாள்.

“அத்தை, இதைப் பாருங்க. இத்தாப் பெரிய கொம்புல கோட்டுப் பட்டனை ஒட்டி வெச்சிருக்காங்க” என்று சிரித்தாள்.

கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தேன். விரல் வைத்து அமுக்குகிற மூன்று கட்டைகளில் நடுக்கட்டையின் தலையில் கறுப்புப் பட்டன், நாலு ஓட்டை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது என் அம்மா அரக்கு உருக்கி ஒட்டியது. அந்தக் கட்டைகளின் தலையில் சிப்பி பதித்திருக்கும். நடுவில் இருந்தது விழுந்துவிட்டது. விரல் வழுக்குகிறது என்று அப்பா சொன்னதும், அவருடைய கிழிந்த கோட்டிலிருந்து ஒரு பட்டனை அறுத்து ஒட்டிவிட்டாள். இத்தனை வருஷமாக அது விழவில்லை.

நாங்கள் அப்போது காலனிக்குள் இல்லை. காலனிச் சுவருக்குப் பின்னால் வாடகை அறை. அரக்கோணத்துப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். அப்பா ஒர்க்‌ஷாப் ஃபவுண்டரியில் டெம்பரரி. இரும்புக் குழம்பு ஊற்றுகிற இடம். வீட்டுக்கு வரும்போது அவர் புருவம் பொசுங்கின வாசனை அடிக்கும். ரயில்வே பேண்டு வாத்தியத்தில் நிலைத்து நின்றுவிட்டால் பெர்மனென்ட் ஆக்கி, ரயில் பெட்டி துடைக்கிற ஷெட்டுக்கு மாற்றி, குவார்ட்டர்ஸும் கொடுப்பார்கள் என்று பேச்சு. பேச்சு மட்டும் இல்லை, பெயின்ட் ஷாப் மாமாவுக்கு அப்படித்தான் கிடைத்தது. எங்கள் வீட்டில் விடிந்தால் அடைந்தால் அதே நினைப்பு. குவார்ட்டர்ஸில் தண்ணீர்க் குழாய் உள்ளேயே இருக்குமாம் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பாள்.

அந்த வட்டக் குழலை எல்லாரும் மலைப்பாம்பு என்பார்கள். அப்பா தலையை உள்ளே நுழைத்து, இடது தோளில் மாட்டிக்கொள்வார். உடம்பைச் சுற்றி வந்து, வாய் தலைக்கு மேலே விரிந்து நிற்கும். ஊதினால் சத்தம் காதில் கேட்பதற்கு முன்னால் வயிற்றில் கேட்கும். அதுதான் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. குளிர் நாட்களில் அதன் ஊதுவாயைத் தனியே கழற்றி என் கையில் கொடுப்பார். மைதானம் போய்ச் சேரும்வரை உள்ளங்கையில் மூடிச் சூடாக வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் உதடு ஒட்டிக்கொள்ளும் என்பார். மத்தியானம் சோறு சாப்பிடும்போதும் கையில் பித்தளை வாடை வரும். அந்த ஊதுவாய் இப்போது படத்தில் இல்லை. எங்கே போனதோ.

வாசித்து முடித்தால் உள்ளே தண்ணீர் நிற்கும். அப்பா மலைப்பாம்பைக் கழற்றி, சக்கரத்தை உருட்டுகிற மாதிரி திருப்பித் திருப்பி வடிப்பார். அம்மாவுக்கு அதைக் கண்டால் ஆகாது.

“ஊரு எச்சிலெல்லாம் அதுக்குள்ளாற கீது. வாசப்படி தாண்டி வரக்கூடாது, சொல்லிட்டேன்” என்பாள்.

“ஊரு எச்சிலு இல்லம்மே, என் எச்சிலுதான்” என்பார் அப்பா.

“அதுமட்டும் இன்னா துளசித் தீர்த்தமா?”

அதனால் மலைப்பாம்பு வெளியே சாக்கு மூடித்தான் படுத்திருக்கும். வருஷத்தில் ஒரு நாள், ஆயுத பூஜைக்கு மட்டும் உள்ளே வரும். அன்றைக்கு அம்மாவே புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்த்து, கிணற்றுத் தண்ணீரில் அலசி, கழன்று வருகிற பாகத்தையெல்லாம் வாழை இலையில் வரிசையாக வைத்துச் சந்தனம் குங்குமம் வைப்பாள். சுத்தம் பண்ணிச் சாமிக்கு முன்னால் வைத்தபிறகு எச்சில் கிடையாது. அது அவள் கணக்கு.

ஒரு வருஷம் ஆயுத பூஜைக்குக் குழலோடு அதன் மரப்பெட்டியும் வீட்டுக்கு வந்திருந்தது. பெட்டியின் அடியில், பிளானல் துணியில் சுற்றி, ஒரு பித்தளைக் குழாய் கிடந்தது. இரண்டு கால், கீழே வளைவு. குழலில் மாட்டியிருந்த வளைகுழாய் மாதிரியேதான். பக்கத்தில் வைத்து அப்பா அளந்து பார்த்தார். வாய் அகலம் ஒன்றுதான். கால்கள் மட்டும் மூன்று விரற்கடை நீளம்.

“ஸ்பேரு போலக்கீது. யாரும் எந்தக் காலத்திலயும் போட்டதில்ல” என்றார்.

அம்மா அதைத் தேய்த்து எடுத்தாள். வெயிலில் தூக்கிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

“நாமம்” என்றாள். “பெருமாள் நெத்தி நாமம்!”

பார்த்தால் அப்படித்தான் இருந்தது. இரண்டு பக்கமும் நேராக ஏறி, அடியில் வளைந்து, தகதகவென்று. பூஜை முடிந்து மற்ற பாகங்களையெல்லாம் அப்பா மாட்டிவிட்டார். இதை மட்டும் அம்மா கொடுக்கவில்லை. வேலையில்லாமல் கிடக்கிற பொருள், பெருமாளே வீடு தேடி வந்திருக்கிறார், மறுபடி பெட்டியில் போட்டு மூடணுமா என்றாள். திருப்பதி படத்துக்கு முன்னால் அரக்கு வைத்து நிறுத்தி, நடுவே சுவரில் குங்குமத்தால் ஒரு கோடு இழுத்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள். அப்பாவும் வேலைக்குப் போகும்போது அதற்கு முன்னால் நின்று கும்பிட்டுவிட்டுத்தான் போவார். மேலே திறந்திருந்த இரண்டு ஓட்டைகளிலும் நான்தான் ஊதுபத்தி சொருகுவேன்.

தீபாவளி கழிந்து பேண்டுக்குப் புது வாத்தியங்கள் வந்தன. கிளாரினெட், டிரம்பெட், நிமிர்ந்து நிற்கிற குழல்கள் எல்லாம் புதுசு. மலைப்பாம்பு மாதிரி ஒன்று வாங்கக் கட்டுப்படி ஆகவில்லையாம், அதனால் அது மட்டும் பழசு. புது பேண்டு மாஸ்டரும் வந்தார். பட்டாளத்து பேண்டில் இருந்து ரிட்டையர் ஆகி லோத்குண்டாவில் இருந்தவர். இந்திதான் பேசுவார்.

முதல் நாள் பிராக்டிஸுக்கு ஊதுவாயோடு நானும் போயிருந்தேன். எல்லாரும் ஒன்றாக ஊதினார்கள். எனக்கு வயிற்றில் கேட்கிற சத்தம் கேட்டது, ஆனால் பல் கூசியது. மாஸ்டர் கையைத் தூக்கி நிறுத்தினார். தனித்தனியாக ஊதச் சொன்னார். கடைசியில் அப்பாவிடம் வந்தார்.

“சுர் கிதர், தும் கிதர்?” என்றார். சுருதி எங்கே இருக்கிறது, நீ எங்கே இருக்கிறாய் என்று அர்த்தம்.

எல்லாரும் சிரித்தார்கள். மறுநாளைக்குள் அது காலனி முழுக்கப் பரவிவிட்டது. பள்ளிக்கூடத்தில் நான் கோட்டைத் தாண்டி உட்கார்ந்தால்கூட, “சுர் கிதர், தும் கிதர்” என்று பிள்ளைகள் கத்துவார்கள். நான் அழுதுகொண்டு வரும்போது பக்கத்து அறை கிளாரினெட் மாமா, “கைக்கு, எதுக்கு அழுவுறே? ஒங்கப்பன் பாம்பு வால மிதிச்சிகினா, அது தலையத் தூக்கிகினே போவுது, அவ்ளோதான்” என்று சமாதானம் சொல்வார். அவர் நல்லவர். ஆனால் அவரும் அப்பாவுக்குக் காது கெட்டுப்போச்சு என்றுதான் நம்பினார்.

எல்லாரும் அதைத்தான் நம்பினார்கள். ஃபவுண்டரி இரைச்சலில் காது அடைத்துவிட்டது என்றார்கள். அம்மா பூண்டு தட்டி நல்லெண்ணெயில் காய்ச்சி இரண்டு காதிலும் விட்டாள். தயிரை நிறுத்தினாள். மிளகுக் கஷாயம் கொடுத்தாள். யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று மிளகாய் சுற்றிப் போட்டாள். அப்பா எல்லாவற்றுக்கும் தலையைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த ஆயுத பூஜைவரை அதே பாம்பை அதே உதட்டால் ஊதினவர், அப்போது யாரும் ஒரு குறை சொன்னதில்லை என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் இப்போதுதான் தோன்றுகிறது.

புதுக் குழல்களைவிடப் பாம்பின் சத்தம் மேலே நின்றது. அப்பா ஒன்று கண்டுபிடித்தார். குழலில் இருக்கிற வளைகுழாயைக் கொஞ்சம் வெளியே இழுத்தால் சத்தம் கீழே இறங்குகிறது. இன்னும் இழுத்தால் இன்னும் இறங்குகிறது. ஆனால் சேருகிற இடம் வருவதற்குள் குழாய் முடிந்துவிடும். நுனியில் தொங்கும். விழாமல் இருக்க நூல் போட்டுக் கட்டினார். மாஸ்டர் பார்த்துவிட்டு நூலை அறுத்துப் போட்டார். புது வாத்தியத்துக்கு நடுவில் நூல் கட்டின வாத்தியமா என்று கேட்டாராம். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்கும் அந்தப் பெட்டியில் என்ன இருந்தது என்று தெரியாது.

பெரிய அதிகாரி பேண்டைப் பார்க்க வருகிறார் என்று சொல்லியிருந்தார்கள். அன்றைக்குச் சரியாக வாசிப்பவர்கள் பெயர்தான் மேலே போகும். அதற்கு முன்தினம் சாயங்காலம், அம்மா விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். அப்பா வேலையிலிருந்து வந்து கால் கழுவிவிட்டு நேரே சாமி படத்துக்கு முன்னால் வந்து நின்றார். கும்பிடுகிறார் என்று நினைத்தேன். ரொம்ப நேரம் நின்றார். கை கூப்பவில்லை.

“அத்த ஒரு வாட்டி மாட்டிப் பாக்கட்டா?” என்றார்.

“எத்த?”

“அந்தக் கொழாய.”

அம்மா குச்சியை அணைத்துவிட்டுத் திரும்பினாள். “பெருமாள் நெத்தியில வச்சத எடுத்தா? அதுல எச்சிலு துப்பப் போறியா?”

“கழுவிட்டுத் திருப்பி வச்சிடறன்.”

“நக்கோ, வேணாம். நக்கவே நக்கோ. இதுக்குமேல என்னா கெடுதல் வரணும் நமக்கு? நல்லபடியா வாசிக்கணும்னு அவரையே கும்புட்டுக்க.”

அப்பா இன்னொரு தடவை கேட்கவில்லை. அவர் யாரிடமும் இரண்டாம் தடவை கேட்கிற ஆள் இல்லை. நெற்றியில் துளி குங்குமம் இட்டுக்கொண்டு, அவள் சொன்னமாதிரியே கும்பிட்டுவிட்டு வெளியே போய்ச் சாக்கை விலக்கி பாம்பைத் துடைக்க உட்கார்ந்தார்.

மறுநாள் மைதானத்தில் பேண்டு நடந்து வந்தது. அப்பா வளைகுழாயை எவ்வளவு இழுக்க முடியுமோ அவ்வளவு இழுத்து வைத்திருந்தார். நூல் கட்டவில்லை. அதிகாரி உட்கார்ந்திருந்த பந்தலுக்கு எதிரே திரும்பும்போது அது நழுவிக் கீழே விழுந்தது. கல் தரை. சோற்றுத் தட்டு விழுந்த மாதிரி சத்தம் கேட்டது. பாம்புக்குச் சத்தம் நின்று, காற்று மட்டும் புஸ்ஸென்று வந்தது. எல்லாரும் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்தார், கெட்ட எண்ணத்தோடு இல்லை, சிரிப்பு வந்தது, சிரித்தார். அப்பா வரிசையை விட்டு விலகிக் குனிந்து எடுக்கப் பார்த்தார். அந்த வட்டத்தை மாட்டிக்கொண்டு குனிய முடியாது. நான் ஓடிப்போய் எடுத்துக் கொடுத்தேன். படத்தில் அந்தக் குட்டைக் குழாயின் வளைவில் ஒரு நசுங்கல் தெரிகிறதே, அது அன்றைக்குப் பட்டது.

காது சரியில்லை என்று அப்பாவைப் பேண்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். மலைப்பாம்பை யாரும் வாசிக்கவில்லை, பரணுக்குப் போய்விட்டது. அப்பா ஃபவுண்டரியிலேயே இருந்தார். பெர்மனென்ட் ஆகும்போது நெஞ்சு கெட்டுப்போயிருந்தது. குவார்ட்டர்ஸ் வரவே இல்லை. அம்மா கடைசிவரை தெருக்குழாயில்தான் தண்ணீர் பிடித்தாள்.

ஆனால் எனக்கு உறுத்துவது அது இல்லை. அப்பா முன்பெல்லாம் துணி துவைக்கும்போது, சவரம் செய்யும்போது ஏதாவது முனகிக்கொண்டிருப்பார். அதற்குப் பிறகு முனகவில்லை. தன் காதைத் தானே நம்பவில்லை. என் கல்யாணத்தில் நாதஸ்வரக்காரர் வாசித்துக்கொண்டிருந்தபோது, அப்பா கிளாரினெட் மாமா பக்கத்தில் போய் மெதுவாக, “நல்லாக்கீதா?” என்று கேட்டதை மணையில் உட்கார்ந்து நான் பார்த்தேன். மாமா தலையை ஆட்டியபிறகுதான் அப்பா முகம் தெளிந்தது.

அந்தக் கல்யாணத்துக்கு மறுநாள் நான் கிளம்பும்போது அம்மா குழாயை மஞ்சள் துணியில் சுற்றி என் பெட்டியில் வைத்தாள். “இது ஒங்க வூட்ல இருக்கட்டும். இங்க நக்கோ” என்றாள். பிறந்த வீட்டுச் சாமியைக் கொடுக்கிறாள் என்று நினைத்தேன். ஏன் இங்கே வேண்டாம் என்றாள் என்று அப்போது கேட்கவில்லை. இப்போது கேட்க அவள் இல்லை.

மருமகள் உங்கள் மலரில் இருந்த படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, இம்மாதிரி வாத்தியங்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிற வெளிநாட்டுக்காரர்களுக்குப் போட்டாள். பதில் வந்ததைக் கம்பெனி வண்டிக்குக் காத்துக்கொண்டிருக்கும்போது, நின்றபடியே எனக்குப் படித்துச் சொன்னாள்.

“இதுக்கு ஹெலிகான்னு பேருங்களாம் அத்தை. அந்தக் காலத்துல பட்டாளத்துக் கொம்பையெல்லாம் இப்ப இருக்கற சுதிய விடத் தூக்கலாச் செஞ்சாங்களாமா. பொறவு சுதியைக் கீழ எறக்கிட்டாங்க. அதுக்குத் தோதா நீளமா ஒரு குழாய் கூடவே குடுப்பாங்களாமா. அது தொலஞ்சு போச்சுன்னா, புதுக் கொம்புககூட இது சேரவே சேராதாமுங்க.”

“யார் ஊதினாலுமா?” என்று கேட்டேன்.

“யாரு ஊதுனாலுந்தானுங்க.”

வண்டி வந்து ஹாரன் அடித்தது. அவள் போய்விட்டாள். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். சாமி அலமாரியில் அன்று காலை சொருகின ஊதுபத்தி இன்னும் புகைந்துகொண்டிருந்தது.

சாயங்காலம் அவள் வந்ததும், அலமாரியில் இருந்த நாமம்தான் அந்தக் குழாய் என்று காட்டினேன். “எடுக்கட்டுங்களா அத்தை?” என்று கேட்டாள். இரண்டு மூன்று நாள் விளக்கேற்றிக்கொண்டே யோசித்தேன். அப்பா நின்ற மாதிரி நானும் கை கூப்பாமல் நின்றேன். அப்புறம்தான் எடுக்கச் சொன்னேன்.

“உள்ள பூராச் சாம்பலுங்கத்தை” என்று தண்ணீரை விட்டு விட்டு அலசினாள். கறுப்பாக வந்துகொண்டே இருந்தது. நான் புளி போட்டுத் தேய்த்தேன். கைக்கு இப்போது வலு இல்லை. முன்பு மாதிரி பளபளக்கவில்லை.

ஆனால் ஒன்று. வெளிநாட்டுக்காரர்களில் ஒருவர், படத்தை மட்டும் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது, வேறு காரணமும் இருக்கலாம் என்று எழுதியிருக்கிறாராம். அதனால் நானாக எதுவும் முடிவு செய்துகொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை என் மகன் குழாயைச் சங்கத்துக்குக் கொண்டுவருவான். நம்மில் யாருக்கும் அதை ஊத மூச்சு இருக்காது. சனத்நகர் பக்கம் கல்யாண பேண்டுக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை அவருடைய ஊதுவாயோடு கூப்பிட்டு, பக்கத்தில் ஒரு புதுக் குழலையும் வைத்து, முதலில் குட்டைக் குழாயை மாட்டி ஊதச் சொல்லுங்கள். பிறகு நீளக் குழாயை மாட்டி ஊதச் சொல்லுங்கள். எதை மாட்டினால் புதுக் குழலோடு சேருகிறது என்று காது நன்றாக இருக்கிற யாராவது கேட்டுச் சொல்ல வேண்டும்.

பெயின்ட் ஷாப் மாமாவின் சுண்ணாம்பு மூடி, அதிகாரி வந்தது பொங்கலுக்கு முன்பா பின்பா, இதையெல்லாமும் ஞாபகம் இருப்பவர்கள் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நான் மாற்றிச் சொல்லியிருக்கலாம். பெயர்ப்பலகையில் அப்பா பெயரைப் போட வேண்டும் என்று கேட்கவில்லை. குழல் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் எனக்கு ஒரு வார்த்தை தெரிவித்தால் போதும். சேராது என்று தெரிந்தாலும் தாங்கிக்கொள்ளும் வயதுதான்.

பூஜையில் இருந்த பொருள் ஆயிற்றே என்று ஊத வருகிறவர் தயங்கினால், எச்சில் படலாம் என்று வீட்டுக்காரர்களே சொல்லிவிட்டார்கள் என்று சொல்லுங்கள்.